பொட்டு வைத்த ரூட்டர்

ஆயுத பூஜை அன்று பொட்டு வைத்த கருவியை மறுநாள் வரை இயக்கக் கூடாது என்பது விதி. பணியில் இருந்த காலமெல்லாம் பிறருக்கு விதிகளை எடுத்துச் சொன்ன எனக்கு, ஓய்வுக்குப் பிறகு அது பொருந்தாது என்று எந்த அரசாணையும் இல்லை.

கணினி சொல்லும் கோட்டில் மரத்தைக் குடையும் சிஎன்சி ரூட்டர் ஒன்றை, திருகு திருகாக நானே வீட்டுக் கூடத்தில் செய்து முடித்திருந்தேன். மனைவி அதற்குச் சந்தனம் இட்டாள். கிரீசும் சந்தனமும் கலந்த வாசனையில் குடுமியான்மலைப் பக்கத்து எங்கள் பழைய வீடு வந்து நின்றது.

அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு பம்பு மோட்டார் இருந்தது. மின் இணைப்பு வருமுன்பே அப்பா வாங்கிவிட்டார். மற்ற நாட்களில் அதன்மேல் துண்டு காயும். ஆயுத பூஜைக்கு அம்மா துடைத்துப் பொட்டு வைப்பார். பெரியப்பா பொரியை மென்றபடி மோட்டாரைக் காட்டி, "ஏப்பா, இவனுக்குக் காதுகுத்து எப்ப?" என்பார்.

"கரண்டுக்கு எழுதிப் போட்டிருக்கேண்ணே, வந்துரும்," என்பார் அப்பா.

இணைப்பு வந்தபோது மோட்டார் துருவேறி இறுகியிருந்தது.

"என்னங்க, மாமா மோட்டார் மாதிரி இதுவும் பொட்டோடயே நின்னுருமா?" என்றாள் மனைவி.

அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. பொத்தானை அழுத்தினேன். வெட்டுமுனை வேப்பம்பலகையில் இறங்கி, தூள் பறக்க ஒரு வட்டம் போட்டு, தொடங்கிய இடத்திலேயே வந்து நின்றது. மனைவி அந்தப் பள்ளத்தில் விரலைச் சுற்றிச் சுற்றி ஓட்டினாள். வட்டம் எங்கே தொடங்கியது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க இன்னொண்ணு போடுங்க," என்றாள்.