மெத்தை ஏற்றிப் போன வேன்

இன்று நடந்ததை வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ஒரு முதலாளியின் மெத்தைகளை வேனில் ஏற்றிப் போனேன். கடைச் சம்பளம் போதாமல் இப்படி வாடகைக்குச் சாமான் ஏற்றுகிறேன்.

வழியில் ஓர் அக்கா கை காட்டினார். பக்கத்தில் அவர் கணவர் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கிள்ளான் ஆஸ்பத்திரி வரைக்கும் ஏத்திக்கிறீங்களா?"

"சாமானுக்கு மட்டும்தான் பெர்மிட் லா."

பொய். மெத்தை அழுக்காகிவிடும் என்று பயந்தேன்.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததிலிருந்து பெட்ரோல் இல்லை, வேன் பின்னால் கட்டிய கரியடுப்பின் வாயுவில்தான் ஓடுகிறது. கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது. அரை மணி நேரம் கரியைக் கிளறிப் பார்த்தேன். பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தனியாகத் தள்ளினேன், அசையவில்லை. திடீரென்று வண்டி லேசானது. திரும்பிப் பார்த்தால், நடந்தே வந்து சேர்ந்த அந்த அக்கா பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார். கணவர் மரத்தடியில் சாய்ந்திருந்தார்.

இன்ஜின் பிடித்ததும், "ரெண்டு பேரும் ஏறுங்கக்கா" என்றேன்.

"வேணாண்ணே. பெர்மிட் இல்லேன்னீங்களே, எங்களால உங்களுக்கு எதுக்கு வம்பு?"

கெஞ்சித்தான் ஏற்றினேன். கணவர் மெத்தையில் படுத்தபடியே ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார். இறங்கும்போது அந்த அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

மெத்தையில் ஒரு கறையும் இல்லை. என்னை என்ன சொல்லித் திட்டலாம், நீங்களே சொல்லுங்கள்.