கண்ணாடியைக் கழற்றியவர்

அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு ஆலோசனை சொல்லும் அம்மா அவர். தடித்த மூக்குக்கண்ணாடி. கூச்சமான கேள்விக்கு முன் அதைக் கழற்றிவிடுவார்.

அறுபத்தேழு வயதில் தவறு செய்துவிட்டு, ஒன்பதாம் நாளே போய் நின்றேன்.

“இப்ப உங்க மொகம் எனக்குத் தெரியாது ஐயா. ஒறை போட்டீகளா?”

“போட்டேன். கிழியல. மூணு தடவ பாத்தேன்.”

“அப்ப பயம் ரொம்பக் கம்மி. இன்னைக்குப் பாத்தா ஒண்ணும் தெரியாது. மூணு மாசம் கழிச்சு வாங்க.”

தொண்ணூறு நாளையும் எண்ணிவிட்டுப் போனேன். தொற்று இல்லை.

பிறகொரு காலை, மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் அந்த அம்மா கையில் மல்லிகையோடு எதிரே வந்தார். என் மனைவி அவரையே நிறுத்தி, “இம்புட்டு நல்ல மல்லி எந்தக் கடைல வாங்குனீக?” என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கடையைக் கைகாட்டினார். கூட்டத்தில் தடுமாறி நடந்து மறையும்வரை அதைத் திரும்பப் போட்டுக்கொள்ளவே இல்லை.