பையோடு நட்ட மரங்கள்: தெங்கில் லம்பத்துக் குட்டைக்கு ஒரு ஞாயிறு

அம்பாங்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவர்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு பழைய ஈயக் குட்டை இருக்கிறதாம். "நீங்கள் பதிவில் சொன்ன முறைப்படியே கரையில் மரம் நடப் போகிறோம். இப்போது உங்கள் மரங்கள் எப்படி இருக்கின்றன? படம் போடுங்கள்" என்று கேட்டிருந்தார். நட்டு இரண்டு வருடமாகியும் ஒருமுறைகூட நான் போய்ப் பார்க்கவில்லை. போன ஞாயிறு கிளம்பினேன்.

புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளீயம் தோண்டிய பள்ளத்தில் தேங்கிய தண்ணீரைத்தான் நாங்கள் லம்பத்துக் குட்டை என்போம். சுற்றிலும் அலசிக் கொட்டிய வெள்ளை மணல். அதில் சத்தும் கிடையாது, பிடிப்பும் கிடையாது. என் தம்பி முரளி அங்கே மீன் பிடிக்கப் போனவன். கரை சரிந்து உள்ளே போய்விட்டான். இனி யார் காலுக்கடியிலும் அந்த மணல் சரியக் கூடாது என்றுதான் நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கி, வாசகர்கள் சிலரோடு போய் நாற்பது அக்காசியா கன்றுகள் நட்டோம்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்தே கே.எல். சென்ட்ரல். 7.20 ரயிலில் புத்ராஜெயாவுக்கு இருபது நிமிடம், 14 ரிங்கிட். அங்கிருந்து தெங்கில் தாண்டி கிராப் வாடகைக் காரில் 18 கிலோமீட்டர், 24 ரிங்கிட்.

ஓட்டுநர் தமிழர். "மீன் பிடிக்கவா பாஸ்?" என்றார்.

"இல்ல, மரம் பாக்க."

"அங்க என்ன மரம் இருக்கு? வெறும் மணலு லா!"

எனக்குச் சுருக்கென்றது. 'வந்து பாருய்யா' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன்.

குட்டைக்குப் போகும் பாதை செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைக் கன்று வளர்க்கும் ஒரு நர்சரியை ஒட்டிப் போகிறது. கேட் சாவி அங்கே வேலை செய்யும் சாரதா அக்காவிடம் இருக்கும். கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். "மழை பேஞ்சு கரை மோசமாக் கெடக்கு, தனியா போவாதீங்க" என்று அவரும் கூடவே வந்தார். 600 மீட்டர் நடை. நிழல் என்று ஒன்று கிடையாது.

கன்றுகள் இருந்தன. நட்டபோது முழங்கால் உயரம். இப்போதும் அதே முழங்கால் உயரம்! சிலது பச்சை, பலது பாதி காய்ந்தது. சுற்றிலும் லாலாங் புல்தான் செழித்திருந்தது.

அக்கா ஒன்றைப் பிடித்து லேசாக இழுத்தார். கையோடு வந்துவிட்டது, அடியில் கறுப்புப் பிளாஸ்டிக் பையோடு.

"ஐயோ, பையோட நட்டீங்களா? யாரு சொன்னது?"

நான்தான் சொன்னேன். மணலில் ஈரம் நிற்காது, பையைக் கழற்றாமல் நட்டால் உள்ளே இருக்கும் மண்ணாவது ஈரமாக இருக்கும் என்று என் மூளைக்குத் தோன்றியது. பதிவில் தடித்த எழுத்தில் வேறு போட்டேன். 'அருமையான யோசனை' என்று பாராட்டுகள் குவிந்தன.

அக்கா பையைக் கிழித்துக் காட்டினார். வேர் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றிக் கயிறு போல இறுகிக் கிடந்தது. "தோட்டத்துல பைய உருவித்தான் நடுவோம். உருவுன பைய பக்கத்துலயே குச்சி நட்டு மாட்டி வைக்கணும். வேலைய மேய்க்குற மண்டோர் ரோட்டுல நின்னே பாப்பாரு. குச்சியில பை இல்லன்னா மறுபடி தோண்டணும். படிக்காத சனத்துக்கே தெரியும்ணே இது" என்றார். குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

அப்போதுதான் அந்த ஆளைப் பார்த்தேன். எங்கள் கன்று வரிசைக்கு அந்தப் பக்கம், தண்ணீர் ஓரத்தில், தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்திருந்த மணலுக்கு அடியில் மழை அரித்துப் பொந்தாக்கியிருந்தது. எங்களுக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. அக்காதான் கத்தினார்: "தம்பி! அசையாம திரும்பு! தவழ்ந்து வா!"

தவழ்ந்து வந்தார். ராமநாதபுரத்துக்காரர், பந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் பெர்மிட்டில் வேலை, வேலி இடுக்கு வழியாக வந்தவர். கொஞ்ச நேரத்தில் அவர் இருந்த இடம் பொத்தென்று சரிந்து தண்ணீருக்குள் போனது. மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"போர்டு இருக்கு, மரம் நிக்குது, கரை கெட்டியாத்தான் இருக்கும்னு நெனச்சேண்ணே" என்றார்.

அந்தப் பலகையும் நான் வைத்ததுதான். 'முரளி நினைவு பசுமைக் கரை'. என் தம்பி போன இடத்துக்கு இன்னொருவரை நானே வரவேற்றிருக்கிறேன்.

மூன்று பேருமாகக் கன்றுகளைப் பிடுங்கினோம். ஓரத்தில் இருந்த ஏழெட்டை மட்டும் தொடவில்லை, கிட்டப் போக முடியாது. பலகையைத் திருப்பி, நர்சரி பெயிண்டில் தமிழிலும் மலாயிலும் 'ஆபத்து, கரை சரியும்' என்று எழுதிப் பாதையிலேயே நட்டோம். திரும்பும்போது கரை மொட்டையாக, பயமாக இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

போகிறவர்களுக்கு: தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர், மூடிய காலணி. மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். தண்ணீர் ஓரத்தில் நடாதீர்கள். கரையைச் சரித்துச் சமன் செய்வது பொறியாளர் வேலை, நம் மண்வெட்டி வேலை இல்லை. கரையை விட்டு நன்றாகத் தள்ளி நட்டால், குழியில் எருவும் தோட்டமண்ணும் போட்டு, பையை உருவிக் குச்சியில் மாட்டுங்கள். கடைசியில் பைகளையும் கன்றுகளையும் எண்ணிச் சரிபாருங்கள். வேலை முடிந்ததும் பைகளைக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.

பழைய பதிவை அழிக்கவில்லை. மேலே 'இது தவறு' என்று எழுதியிருக்கிறேன். அன்று நடுவதற்கு என்னோடு வந்தவர்களில் பதினோரு பேருக்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டேன். ஆனால் அம்பாங் வாசகிக்குத்தான் எல்லாருக்கும் முதலில் போட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. "முரளி மரம் எவ்வளவு வளர்ந்திருக்கு?" என்று நான் திரும்பி வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்.