அடிபட்ட வண்டிகளின் சித்தி

"யாரும் கை வைக்காதீங்கப்பா! தொங்கறது தொங்கட்டும். சேறு இருந்தா சேறும் அப்படியே இருக்கட்டும்."

மோதிய கார் ஒன்று பட்டறைக்குள் நுழைந்ததுமே சித்தி இப்படிச் சத்தம் போடுவார். சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கும்வரை அந்தக் காரில் ஈ உட்கார்ந்தாலும் அவருக்குப் பொறுக்காது.

சித்தி என் அம்மாவின் தங்கை. பட்டறையின் முன்மேசையில் வேலை. வண்டிக்காரருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் நடுவே பேசுவது அவர் பொறுப்பு. "மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் அடி" என்று சிரிப்பார். வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தால்கூடப் பெருக்குவதற்கு முன் போட்டோ எடுத்துவிடுவார். "க்ளெய்ம் யார்கிட்ட போடப் போற? எங்கிட்டயா?" என்பார் சித்தப்பா.

பதறிக்கொண்டு வருகிறவர்களிடம் அவர் முதலில் வண்டியைப் பற்றிக் கேட்பதில்லை. "உங்களுக்கு எங்கயாவது வலிக்குதா?" என்றுதான் கேட்பார். அதற்குப் பிறகுதான் சிலர் தங்கள் முழங்கையைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

போன மாதம் ஒரு டாக்ஸி டிரைவர் வந்தார். வளைவில் திரும்பிய லாரி ஒன்று அவருடைய காரின் முன்பக்கத்தையும் கதவையும் இடித்திருந்தது. பார்த்தால் மனைவி பயந்துவிடுவாள் என்று, தெரிந்தவர் ஒருவரை வைத்துக் கதவின் நெளிவைத் தட்டி எடுத்துவிட்டார். பம்பரைக் கயிற்றால் கட்டியிருந்தார்.

"பம்பர மட்டும் மாத்திக் குடுங்க மேடம். நாளைக்கே சவாரி போகணும்."

"என்ன தம்பி, சர்வேயர் பாக்கறதுக்குள்ள தட்டிட்டீங்களே! இப்ப எது லாரி அடிச்சது, எது சுத்தியல் அடிச்சதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

டிரைவரின் முகம் சுருங்கியது. "தட்டவே இல்லன்னு சொல்லிடலாமா?"

"பொய் சொன்னா கதவோட போகாது, மொத்த க்ளெய்மும் போயிடும். உள்ளதச் சொல்லுவோம். பம்பர அவர் கண்ணு முன்னாடியே கழட்டுவோம்."

அப்படியே செய்தார்கள். பம்பருக்குப் பின்னால் இரும்புச் சட்டம் வளைந்து ரேடியேட்டரில் முட்டிக்கொண்டிருந்தது. "பாத்தீங்களா, வெளிய சிரிக்குது, உள்ள அழுவுது" என்றார் சித்தி. சர்வேயர் அதையெல்லாம் எழுதிக்கொண்டார். கதவை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் செலவு டிரைவர் தலையில் விழுந்தது.

கார் தயாரானது. ஆனால் நாளைக்கே வேண்டும் என்றவர் வரவில்லை. போன் செய்தால் தலைவலி என்றார், வீட்டில் வேலை என்றார். ஒருவழியாக வந்தபோது நானும் அங்கே இருந்தேன். பெயின்ட் நிறம் ஒத்துப்போகவில்லை என்றார். கதவு சாத்தும் சத்தம் வேறு மாதிரி இருக்கிறது என்றார்.

"வெயில்ல நிறுத்தி நல்லாப் பாருங்க. திருப்தின்னு கையெழுத்துப் போட்டப்புறம் புலம்பக் கூடாது" என்றார் சித்தி.

டிரைவர் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பெயின்டர் கிண்டலடித்தார்: "என்னண்ணே, பொண்ணு பாக்க வந்த மாதிரி சுத்திச் சுத்தி வர்றீங்க?"

டிரைவர் சிரிக்கவில்லை. சித்தியின் பக்கம் வந்து தணிந்த குரலில் சொன்னார்: "கண்ண மூடினா அந்த லாரி வருது மேடம். ஸ்டியரிங்கத் தொடவே பயமா இருக்கு. இத விட்டா எனக்கு வேற தொழிலும் தெரியாது."

சித்தி மேசையைப் பூட்டினார். பையை எடுத்துக்கொண்டு போய், காரின் முன்பக்கம் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். அவருடைய ஸ்கூட்டர் பட்டறை வாசலிலேயே நின்றது.

"எங்க வீட்டுல இறக்கி விட்டுடுங்க தம்பி. அவசரமில்ல, மெதுவாப் போலாம்."

நான் பின்னால் ஏறிக்கொண்டேன். டிரைவர் வெகுநேரம் சாவியைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுத் திருப்பினார். கார் ஊர்ந்து தெருவுக்கு வந்தது. முதல் வளைவிலேயே எதிரில் ஒரு லாரி. டிரைவரின் தோள்கள் காதுவரை ஏறின.

ஜன்னலுக்கு மேலே கைப்பிடி இருந்தது. சித்தி அதைப் பிடிக்கவில்லை. இரண்டு கைகளையும் மடியில் போட்டபடி, வெளியே கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.