குரல் உங்கம்மாளுது, பதிவு எங்களுது

அந்தப் பெண் தன் கைப்பேசியின் பின்மூடியை நகத்தால் நெம்பித் திறந்து, நகம் அளவே இருந்த மெமரி கார்டை எடுத்து என் மேசைமேல் வைத்தாள். வெள்ளிமலையிலிருந்து முதல் பேருந்தில் கிளம்பி, மலைப்பாதை வளைவுகளில் குமட்டிக்கொண்டு வந்த களைப்பு முகத்தில் இருந்தது. “எங்கம்மா பாடினது உங்க காலேஜ் கம்பியூட்டர்ல இருக்குதுன்னு சொன்னாங்க மேடம். அம்மா செத்துப் போச்சு. அந்தக் கொரல இதுல ஏத்திக் குடுங்க, போதும்” என்றாள். கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்க்கும் கல்லூரியின் நூலகத்தில், மின்களஞ்சியப் பிரிவில் அப்போது சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஆய்வேடுகளையும் களப்பதிவுகளையும் கணினியில் ஏற்றிப் பாதுகாப்பது என் வேலை. அவள் யாருடைய மகள் என்பது அவள் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. தாடை அப்படியே வெள்ளையம்மாவுடையது.

வெள்ளையம்மாவைப் பதிவு செய்தவள் நான்தான். ஆய்வு மாணவியாக இருந்த நாட்களில் நைனார்பாளையத்திலிருந்து பேருந்து மாறி மாறி மலையேறுவேன். களத்துமேட்டில் சாமைக் கதிர் அடித்தபடியே அவர் பாடுவார். மூச்சு வாங்கும் இடத்தில்கூடப் பாட்டு அறுந்துபோகாது. என் நெறியாளர் ஒரே ஒரு முறை என்னுடன் வந்தார். அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. வெள்ளையம்மாவின் பெயரை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன். ஆய்வு முடிந்ததும் நெறியாளர் என்னிடமிருந்து ஒலிப்பதிவுக் கருவியையும் கார்டுகளையும் துறைக்கென்று வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு துறைத்தலைவரானார். அதே கல்லூரிக்கு நான் வேலைக்குத் திரும்பியபோது என் பதிவுகள் களஞ்சியத்தில் ஏறியிருந்தன. களப்பணி, பதிவு, தொகுப்பு என்ற எல்லா இடத்திலும் அவர் பெயர் மட்டும் இருந்தது. பாடியவர் என்ற இடத்தில் ‘ஒரு மலைவாழ் பெண்’ என்று போட்டிருந்தது. கோப்பைத் திறக்கும் கடவுச்சொல் அவரிடம்.

அதையெல்லாம் விழுங்கிக்கொண்டுதான் வேலை பார்த்துவந்தேன். ஆனால் அன்று அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். விடைத்தாளிலிருந்து அவர் தலையைத் தூக்கவே இல்லை.

“ஆராய்ச்சிப் பொருள்மா அது. வரவங்க போறவங்களுக்கெல்லாம் குடுத்துக்கினு இருக்க முடியாது.”

“எங்கம்மா கொரலுங்க சார். ஒருவாட்டி கேட்டுட்டாவது போறேங்க.”

“குரல் உங்கம்மாளுது. பதிவு எங்களுது.”

அந்தப் பெண் அழவில்லை. என் மேசைக்குத் திரும்பி, கார்டைக் கைப்பேசிக்குள் பொருத்த முயன்றாள். தலைகீழாக வைத்து அழுத்தியதால் அது உள்ளே போகவில்லை. நான் வாங்கிப் பொருத்திக் கொடுத்தேன். அந்த ஆளை விடக்கூடாது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

பழி எண்ணம் மனிதரைத் தின்றுவிடும் என்பார்கள். என்னை அது படிக்க வைத்தது. கோப்புகள் எப்படிக் கெடுகின்றன, பழைய வடிவத்திலிருந்து புதியதற்கு எப்படி மாற்றுவது, ஓரெழுத்துகூட மாறவில்லை என்று எப்படிச் சரிபார்ப்பது எல்லாவற்றையும் தேடிக் கற்றேன். கல்லூரி புதிய சர்வர் வாங்கியபோது அந்த வேலை தெரிந்தவள் நான் ஒருத்திதான். எல்லாக் கோப்புகளையும் திறக்கும் உரிமை என் கைக்கு வந்தது. விவரங்களைத் திருத்தி எழுதினேன். பாடியவர் வெள்ளையம்மா. பதிவு நான். பொறுப்பு அதோடு முடிந்தது. பழி முடியவில்லை.

புதிய களஞ்சியத்தின் தொடக்க விழாவை அவர் தம் பணி ஓய்வு விழாவைப்போல ஏற்பாடு செய்தார். “நல்ல பாட்டா ஒண்ணு எடுத்துப் போடும்மா” என்று என்னிடம் விட்டுவிட்டார். அந்தப் பதிவுகளில் ஒன்றைக்கூட அவர் கேட்டதில்லை என்பது எனக்குத் தெரியும். மேடையில், காலில் முள் தைக்கத் தைக்கக் கல்வராயன் மலையை நடந்தே ஏறிய கதையைச் சொன்னார். முன்வரிசையில் நான் வரவழைத்திருந்த வெள்ளையம்மாவின் மகள் உட்கார்ந்திருந்தாள். வழக்கமாகப் பாட்டுக்கு முன்னால் உள்ள பேச்சை வெட்டிவிட்டுத்தான் ஒலிக்கவிடுவோம். நான் மூலக்கோப்பை அப்படியே ஓடவிட்டேன்.

முதலில் என் குரல். பாடுபவர் பெயர், ஊர், பதிவு செய்யும் என் பெயர். பிறகு வெள்ளையம்மா, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி: “இன்னா பாப்பா, உங்க சாரு இன்னும் ஜீப்புலயே தூங்கினு கீறாரா? எழுப்பி இட்டுக்கினு வா. அவரும் ஒரு பாட்டு கேக்கட்டும்!”

பின்வரிசை மாணவர்கள்தான் முதலில் சிரித்தார்கள். பிறகு சிறப்பு விருந்தினரே சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்குவதற்குள் பாட்டு எழுந்தது. மகள் அதைக் கேட்டு அழுதாளா, சிரித்தாளா என்று என்னால் சொல்ல முடியாது. நான் மேடையில் இருந்த துறைத்தலைவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விழா முடிந்ததும் அவள் கைப்பேசியில் எல்லாப் பாட்டுகளையும் ஏற்றிக் கொடுத்தேன். அவர் என் அறைக்கு வந்து, “முன்னாடி இருக்கிற பேச்ச மட்டும் வெட்டிடும்மா, பாட்டு இருக்கட்டும்” என்றார். மூலக்கோப்பில் கைவைக்க விதியில் இடமில்லை என்றேன்.

போன மாதம் சின்னசேலம் ரயில் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். சேலம் வண்டிக்காகக் காத்திருந்தார். நன்றாகத் தளர்ந்துவிட்டார், எழுந்து நிற்க ஊன்றுகோல் வேண்டியிருந்தது. பேரன் கல்லூரியில் சேர்ந்திருக்கிறானாம், களஞ்சியத்தில் தாத்தா பெயரைத் தேடுகிறானாம். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அது இன்னும் இருக்குதாம்மா?”

எனக்கு இரக்கம் வருமா என்று ஒரு கணம் காத்துப் பார்த்தேன். வரவில்லை.

“இருக்குங்க சார். ஒரு எடத்துல கெட்டாலும் போயிடக்கூடாதுன்னு மூணு எடத்துல வச்சிருக்கேன்.”