கைப்பைக்குக் காவல் இருந்தவள்

ஒரு மணி நேரம் எல்லார் முன்னாலும் நின்று கையை ஆட்டினாலும், சொந்தமாக ஒரு வார்த்தைகூடச் சொல்லக் கூடாத வேலை சைகை மொழிபெயர்ப்பு. யாரிடமாவது வாதாடாமல் தூங்கப் போகாத என்னைப் போன்றவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. துடியலூர்ப் பக்கம் ஒரு சபையில் ஞாயிறுதோறும் அதை இலவசமாக அனுபவிக்கிறேன். மற்ற நாட்களில் முதுகலை சமூகப்பணி படிக்கிறேன். அங்கே பேச விடுவார்கள். பிரசங்க பீடத்துக்குப் பக்கத்தில் நின்று, தோள்பட்டை வலியோடு வீடு திரும்பும் சகோதர சகோதரிகளே, இது உங்களுக்காக. மற்றவர்களும் படிக்கலாம், குற்றமில்லை.

பூவுக்குப் பின்னால்

முதலில் மெர்சியைச் சொல்லிவிடுகிறேன். என் வயதுதான். பம்ப்செட் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிறாள். பிறவியிலேயே காது கேட்காது. சின்னப் பிள்ளையிலிருந்து அம்மாவோடு ஆலயத்துக்கு வருகிறாள். அவளோடு வளர்ந்த பிள்ளைகளெல்லாம் சபையில் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் வகுப்புக்குப் போய், பேராயர் கையால் திடப்படுத்தல் பெற்று, திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். இவளை வகுப்புக்கே யாரும் கூப்பிடவில்லை. திருவிருந்து நாளில் வரிசை மொத்தமும் எழுந்து முன்னால் போகும். போகிற பெண்கள் தங்கள் கைப்பைகளை மெர்சியிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அத்தனை பைகளுக்கும் நடுவில் அவள் காவல் உட்கார்ந்திருப்பாள். இந்தச் சபையில் உனக்கு என்ன வேண்டும் என்று முதல் சந்திப்பில் அவளிடம் கேட்டேன். பைகளைக் காட்டி, இது வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பிறகு அப்பம் கொடுக்கும் பீடத்தைக் காட்டினாள்.

சரி, பேசி வாங்கிவிடலாம் என்று மொழிபெயர்க்க வந்தேன். கமிட்டியார் எனக்கு ஒதுக்கிய இடம், தோள் உயரத்துக்குச் சாமந்தி அடுக்கிய பூச்சாடிக்குப் பின்னால். ஆராதனை அழகு கெடக் கூடாதாம். முக்கால் மணி நேரம் பூவுக்கு மேலே கையைத் தூக்கித் தூக்கி ஆட்டினேன். முடிந்ததும் மெர்சி வந்தாள். அவள் கைக்கு நான் கொடுக்கும் தமிழ் எங்கள் ஊர்த் தமிழ்தான்: “ஏம் புள்ள, இன்னிக்குப் பிரசங்கம் முச்சூடும் பூவப் பத்தியா?”

வாட்ச் ஐயா

காது கேளாதவர்கள் பழகிய ஆளுக்கெல்லாம் ஒரு சைகைப் பெயர் வைத்துவிடுவார்கள். எழுத்து எழுத்தாகப் பெயரைச் சொல்ல யாருக்குப் பொறுமை? எனக்கு ஆள்காட்டி விரலை நீட்டி மிரட்டும் சைகை. ஏன் என்று கேட்டேன், விரலை நீட்டித்தான் கேட்டேன். பிறகு கேட்கவில்லை.

எங்கள் போதகர் நல்ல மனிதர். “கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன்” என்று வாட்சைத் தட்டுவார்; தட்டிய பிறகுதான் பிரசங்கம் சூடு பிடிக்கும். ஆகவே அவர் பெயர், மணிக்கட்டில் இரண்டு தட்டு. பல்லடத்திலிருந்து வரும் காது கேளாத தம்பதியும் மெர்சியும் அவரைப் பார்த்து மணிக்கட்டைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்ததை அவரே கவனித்துவிட்டார். என்னவென்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் பொய் சொல்லக் கூடாது, சொன்னேன். வாட்ச் கட்டிய கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். “அடுத்த வாரம் சுருக்கமா முடிச்சுக்கறேன், பேரை மட்டும் மாத்தச் சொல்லு அம்மணி” என்றார்.

மூடாத கண்கள்

நம் சபைகளில் “கண்களை மூடி ஜெபிப்போம்” என்பார்கள். காது கேளாதவர் கண்ணை மூடினால் ஜெபம் அங்கேயே முடிந்துபோகும். இந்தச் சின்ன விஷயம் இத்தனை வருஷம் ஒருவர் மண்டையிலும் ஏறாதது எப்படி என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். கமிட்டியில் மூத்தவரான தேவராஜ் அங்கிள் ஒரு நாள் ஆராதனை முடிந்து எங்களை நிறுத்தினார். மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர். இப்போது ஆலயத்தில் இருக்கிறார். ஜெப வேளையில் இந்தப் பிள்ளைகள் கண்ணை விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பயபக்தி இல்லையே என்று வருத்தப்பட்டார். குரல் என்னவோ மரியாதையாகத்தான் இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல்.

அதைச் சைகையில் சொல்லி முடித்து நான் வாயைத் திறப்பதற்குள் மெர்சி கையைத் திறந்துவிட்டாள். தொழில் விதிப்படி அவள் சொன்னதை “நான்” என்றே சொல்ல வேண்டும். இதைவிட இனிப்பான விதி எந்தத் தொழிலிலும் கிடையாது. அங்கிளின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: “நீங்க ஒரு வாரம் காதைப் பொத்திக்கிட்டு ஜெபம் பண்ணுங்க அங்கிள், அடுத்த வாரம் நான் கண்ணை மூடிக்கறேனுங்க.”

கேட்டதும் கேட்காததும்

கன்வென்ஷன் கூட்டத்தில் பிரசங்கிக்க வெளியூரிலிருந்து ஓர் ஊழியக்காரர் வந்தார். என் கை ஆடுவதைப் பார்த்தார், யாருக்காக ஆடுகிறது என்று பார்த்தார், மேடையிலிருந்து இறங்கி நேராக மெர்சியிடம் போனார். ஒரு வார்த்தை கேட்காமல் அவள் இரண்டு காதிலும் விரலை வைத்துச் சத்தமாக ஜெபித்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. இந்த மாதிரி ஆட்களிடம் கேட்பதற்கென்றே என்னிடம் பத்துக் கேள்வி தயாராக உண்டு. ஆனால் நான் அங்கே நான் இல்லை, மொழிபெயர்ப்பாளர்.

“கேக்குதா?” என்று ஒரு கையை எடுத்து மைக்கை நீட்டினார். அதைச் சைகையில் சொன்னேன். மெர்சி இன்னொரு காதில் இருந்த அவர் விரலை மெதுவாக எடுத்துவிட்டுப் பதில் சொன்னாள். வேண்டும் என்று கேட்பது, காதால் கேட்பது இரண்டுக்கும் சைகை வேறு வேறு. தமிழில்தான் ஒரே சொல். மொழிபெயர்ப்பில் எனக்குக் கிடைத்த ஒரே சொந்த லாபம் அது. முன்வரிசையில் போதகர் உட்கார்ந்திருக்க, மைக்கில் சொன்னேன்: “நான் கேட்டது காதை இல்லீங்க, அப்பத்தை.”

யார் வாய்

அந்த ஒரு வரிதான் போதகரைத் தூங்கவிடவில்லை போலிருக்கிறது. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் மெர்சியின் திடப்படுத்தலை அவரே எடுத்தார். எங்களையும் அழைத்திருந்தார். தேவராஜ் அங்கிளுக்கு ஒரு சந்தேகம்: பேராயர் கேட்கும் கேள்விகளுக்குச் சபை கேட்க வாயால் அல்லவா பதில் சொல்ல வேண்டும்? அன்றைக்கு நான் சொந்த வாயோடு போயிருந்தேன். போன முறை பிள்ளைகள் முணுமுணுத்த பதில் முதல் பெஞ்சுக்காவது கேட்டதா என்றேன். பாடகர் குழுவில் பாதிப் பேர் வாயை மட்டும் அசைக்கிறார்களே, அவர்கள் துதி மேலே போகவில்லையா என்றேன். பாடகர் குழுத் தலைவரும் கமிட்டியில் இருந்தார் என்பதைச் சற்றுத் தாமதமாகக் கவனித்தேன்.

கடைசியில் போதகர் ஒரு வழி சொன்னார். மெர்சி சும்மா நிற்கட்டும், அவளுக்காக நான் வாயால் பதில் சொல்லட்டும். எல்லாருக்கும் நிம்மதிப் பெருமூச்சு வந்தது. மெர்சிக்கு வரவில்லை. அவள் என்னைக் காட்டிச் சொன்னதை, விதிப்படி, நானே சொல்ல வேண்டியதாயிற்று: “அவ வாயில சொன்னா, அப்பத்தையும் அவளுக்கே குடுத்துப்போடுங்க.”

யாரும் பார்க்கவில்லை

போதகர் பேராயரிடமே நேரில் போய்க் கேட்டார். கையால் சொல்லும் பதிலே பதில் என்று பேராயர் சொல்லிவிட்டார். திடப்படுத்தல் அன்று அவர் கேள்வி கேட்டார், மெர்சி கையால் பதில் சொன்னாள், அதற்குப் பிறகுதான் என் குரல். காயில் சுற்றும் கை, ஒரு தடுமாற்றம் இல்லை. பேராயர் அவள் தலையில் கை வைத்தார். திருவிருந்துக்கு முன்னால் புதியவர்களில் ஒருவர் ஜெபிக்க வேண்டும். போதகர் மெர்சியைக் கூப்பிட்டார்.

அவள் சபைக்கு முன்னால் வந்து நின்றாள். சபை பழக்கப்படி கண்ணை மூடிக்கொண்டது. மெர்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஆலயம் அமைதியாக இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே அமைதியாக இருந்தது. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள், சொன்னேன்: “யாருமே என்னைப் பாக்கலீங்க. பாத்தாத்தான் ஆரம்பிப்பேனுங்க.” போதகர்தான் முதலில் கண் திறந்தார். மைக்கைப் பிடித்து, அந்த ஆலயத்தில் யாரும் சொல்லியிராத ஒன்றைச் சொன்னார்: “எல்லாரும் கண்ணைத் திறந்து ஜெபிப்போமுங்க.”

மெர்சி ஜெபித்தாள். “ஆண்டவரே, இத்தனை வருஷம் எல்லார் பையையும் பத்திரமாப் பாத்துக்கிட்டேன், ஒண்ணும் தொலையலை. இனிமே நீங்க பாத்துக்கங்க.” வரிசை எழுந்து முன்னால் போனபோது அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு அப்பத்தை வாங்கினாள். பெஞ்சில் பைகள் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தன.

வாசலில் தேவராஜ் அங்கிள் நின்றிருந்தார். மெர்சியிடம் ஆமென்னுக்குச் சைகை கேட்டுக் கற்றுக்கொண்டு, இரண்டு முறை செய்து பார்த்தார். பிறகு என்னிடம் குனிந்து சொன்னார்: “கண்ணைத் தொறந்து ஜெபிச்சாத்தான் தெரியுது கண்ணு, நம்ம பாடகர் குழுவுல எத்தனை பேரு போனை நோண்டிக்கிட்டு இருக்காங்கன்னு.”

ஆகவே சக தொழிலாளிகளே, நமக்குத் தோள் வலிக்கும், சாமந்தி முகத்தில் குத்தும், என்றாவது ஒரு நாள் பெரிதாக ஜெயிக்கவும் செய்வோம், ஆனால் நம் வாயில் வரும் ‘நான்’ எப்போதும் இன்னொருவர் என்பதால், அப்போதும் “நான்தான் அப்பவே சொன்னேனே” என்பதை மட்டும் நம்மால் கையால்கூடச் சொல்ல முடியாது.