சி.ஐ.டி. மாஸ்டரின் தும்மல்

அந்த பேக்கரியில் பதினெட்டு வருடமாக ரொட்டிக்கு மாவு பிசைகிறவருக்கு சி.ஐ.டி. மாஸ்டர் என்று பெயர். ஒரு பன் குறைந்தாலும் எல்லோரையும் வாயை ஊதச் சொல்லி மோந்து பார்க்கிற ஆசாமி. அப்படிப்பட்டவருக்கு மூன்று மாதமாக ஓயாத தும்மல், நெஞ்சில் விசில்.

சந்தேகம் முதலில் விழுந்தது, பக்கத்தில் நின்று ரொட்டி அச்சுகளுக்கு எண்ணெய் தடவும் அக்கா மேல். அவர் வீட்டில் மூன்று பூனை. "அந்தம்மா துணியெல்லாம் பூனை முடி சார்" என்று முதலாளியிடம் போட்டுக் கொடுத்தார் மாஸ்டர். அக்காவைப் பின்பக்கம் தட்டு கழுவ அனுப்பிவிட்டார்கள். தும்மல் நின்றதா? சாயங்காலம் வீட்டிலும் அல்லவா மூச்சு இழுத்தது! உடனே மனைவி ஆசையாக வாங்கிய தலையணையின் தூசி மேல் பாய்ந்தார். அவள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒருநாள் மூச்சுத் திணறி மாவு மேஜையிலேயே சாய்ந்துவிட்டார். முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்: "டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. அப்புறம் மாவுல கை வைங்க."

மாஸ்டர் சந்தேகப் பட்டியலோடு போனார். டாக்டரம்மா அவர் முழங்கைக்குக் கீழே சந்தேகப் பொருள்களின் சாறை வரிசையாகச் சொட்டு விட்டு, ஒவ்வொன்றிலும் ஊசியால் லேசாகக் குத்தினார். பூனை, தூசி, பூஞ்சை. கடைசியில், பட்டியலில் இல்லாத கோதுமை மாவு.

"அது எதுக்கும்மா? பதினெட்டு வருஷமாப் பழகுறேன். செய்யறதா இருந்தா அன்னைக்கே செஞ்சிருக்காதா?"

கால் மணி நேரத்தில் மாவுச் சொட்டு விழுந்த இடம் மட்டும் கொசு கடித்ததுபோல் தடித்துச் சிவந்தது.

"பழகப் பழகத்தான் சில உடம்புக்குச் சந்தேகமே வரும்" என்றார் டாக்டரம்மா. மாவுத் தூசியை எதிரி என்று தப்புக்கணக்குப் போட்ட உடம்பு, அதற்கென்றே எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. அது மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கிற மாஸ்ட் செல்கள் என்ற காவல் செல்கள்மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. மறுபடி மாவு வந்ததும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டுகின்றன. தும்மல், மூக்கில் நீர், மூச்சு இறுக்கம். அதோடு விடாமல் மற்ற செல்களுக்கும் சேதி அனுப்புகின்றன. அவை சாவகாசமாக வந்து வீக்கத்தை வளர்ப்பதால், மாவே இல்லாத வீட்டிலும் சாயங்காலம் இழுக்கிறது.

"அப்போ மாவு ஒரு தப்பும் பண்ணலையா?"

"பண்ணல. உங்க உடம்புதான் வீணாப் பழி போடுது. இனிமே மாவுப் பக்கம் போகாதீங்க."

மாஸ்டருக்குத் தட்டு கழுவுகிற அக்காவின் முகம் வந்து நின்றது. வெட்கம் பிடுங்கித் தின்றது. வேலை போகிற துக்கம்கூட அதற்குப் பிறகுதான் வந்தது.

"எனக்குப் பதிலா அந்த அக்காவைப் போடுங்க சார். பக்குவம் தெரிஞ்சவங்க" என்று முதலாளியிடம் அவரே சொன்னார். மாஸ்டருக்கு முன்வாசல் பக்கம் கேக்குப் பெட்டி மடிக்கிற வேலை கிடைத்தது.

சில மாதம் கழித்து, கையில் மாவோடு வெளியே வந்த அக்கா அடுக்கடுக்காகத் தும்மினார். மாஸ்டரின் கை பெட்டியோடு நின்றது.

"பூனை முடியா இருக்கும், மாஸ்டர்" என்றார் அக்கா, சிரிக்காமல்.

"இல்லக்கா" என்று எழுந்தார் மாஸ்டர். "சாயங்காலம் வீட்டுக்குப் போனா இழுக்குதா? அதைச் சொல்லுங்க முதல்ல."